இரண்டு வயதுக் குழந்தையிடம் தெரிவது வயசா, குணமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மகளுக்கு 22 மாதம். ஒரு வயது வரை யார் கையை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே போனவள், இப்போது எதற்கெடுத்தாலும் "வேண்டாம்" என்கிறாள். நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்கிறாள், நாலு பேர் வந்தால் உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அவளைவிட இரண்டு வாரம் சின்னதான உறவுக் குழந்தை ஒன்று கோர்வையாகப் பேசுகிறது, உங்கள் மகளோ ஒற்றைச் சொல்லிலேயே நிற்கிறாள். இதுதான் அவளுடைய குணமா, இப்படியே இருந்துவிடுவாளா, வளர்த்த விதத்தில் எங்கேயோ தப்பு நடந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. இரண்டு பேருக்கும் முதல் பிறந்தநாள் முதல் மூன்றாவது பிறந்தநாள் வரை நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன். தினமும் இல்லை, கண்ணில் பட்டபோது நாலு வரி. கூடவே குழந்தை வளர்ச்சி பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அந்த இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோது எனக்குப் பட்டது என்னவென்றால், இந்த வயதில் குழந்தை செய்வதில் வயது செய்ய வைப்பது ஒன்று, அதன் சுபாவம் செய்ய வைப்பது இன்னொன்று, இரண்டும் ஒரே உடம்பிலிருந்து ஒரே நேரத்தில் வருவதால் நாம் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிறோம். உங்கள் கேள்வியிலும் அதுதான் நடந்திருக்கிறது. "வேண்டாம்" என்பதும் புரண்டு அழுவதும் பெரும்பாலும் வயது. ஆள் வந்தால் ஒளிந்துகொள்வதில் கொஞ்சம் வயது, கொஞ்சம் அவள். பேச்சு தனி விஷயம், அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த "வேண்டாம்". என் மகன் 20 மாதத்தில் ஒரு வாரம் முழுக்க எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்றான், தனக்குப் பிடித்த பந்தைக் கொடுத்தபோதும் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டான். அந்த வரியை நோட்டில் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது, அவன் பந்தை மறுக்கவில்லை, மறுக்க முடியும் என்பதைச் சோதித்துப் பார்க்கிறான். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அவனுக்குப் பிடிபட்டிருந்தது. இதை ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிய சோதனையால் பார்ப்பார்கள்: குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் ஒரு சாயப்பொட்டு வைத்துவிட்டுக் கண்ணாடி முன் நிறுத்துவது. 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்பவர் இதைக் குழந்தைகளிடம் செய்து வெளியிட்டார். ஒரு வயதுக் குழந்தை கண்ணாடிக்குள் இருக்கும் குழந்தையைத் தட்டிப் பார்க்கும், அதைப் பார்த்துச் சிரிக்கும், கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடக்கூடச் செய்யும். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில்தான் பெரும்பாலான குழந்தைகள் கையைத் தன் சொந்த மூக்குக்குக் கொண்டு போகின்றன. அதாவது "நான்" என்று ஒரு ஆள் இருப்பதே அப்போதுதான் குழந்தைக்குத் தெரிய வருகிறது. அப்படித் தெரிந்தவுடன், அந்த ஆளுக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது, அம்மா அப்பாவின் விருப்பம் வேறாக இருக்கலாம் என்பதும் தெரிகிறது.

இந்தக் கடைசி விஷயத்தை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு, பெட்டி ரெப்பசோலியும் ஆலிசன் கோப்னிக்கும் 1997இல் வெளியிட்டது. குழந்தைகள் முன் இரண்டு கிண்ணம், ஒன்றில் பிஸ்கட், இன்னொன்றில் பச்சை ப்ராக்கலி. குழந்தைகளுக்குப் பிஸ்கட்தான் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் ப்ராக்கலியைத் தின்று "ஆஹா" என்று முகம் மலர்கிறார், பிஸ்கட்டைத் தின்று முகம் சுளிக்கிறார், பிறகு கையை நீட்டி "எனக்குக் கொஞ்சம் கொடு" என்கிறார். 14 மாதக் குழந்தைகள் பிஸ்கட்டைக் கொடுத்தன, தனக்குப் பிடித்தது எல்லாருக்கும் பிடிக்கும் என்ற நம்பிக்கையில். 18 மாதக் குழந்தைகள் ப்ராக்கலியை எடுத்துக் கொடுத்தன. நடுவில் நான்கு மாதம்தான். உங்கள் மகள் எதையோ எடுக்கப் போகும்போது கையை நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்த்துக்கொண்டே எடுக்கிறாளா? பலர் அதைத் திமிர் என்று நினைத்துவிடுகிறார்கள். அவளுடைய விருப்பமும் உங்களுடைய விருப்பமும் மோதும் இடம் எது என்று அவள் தேடிப் பார்க்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்தப் புரளல். அதற்கும் ஒரு நடை இருக்கிறது. மைக்கேல் பொட்டேகல் என்பவரும் ரிச்சர்ட் டேவிட்ஸனும் 2003இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒன்றரை முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளின் அடத்தை, என்ன செய்தது, எவ்வளவு நேரம் செய்தது என்று பெற்றோர் சொன்ன விவரங்களிலிருந்து துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். நான்கில் மூன்று அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. அலறல், உதைத்தல், வீசி எறிதல் ஆகிய கோபத்தின் பகுதி ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்குகிறது. அழுகையும் சிணுங்கலும் முழுக்க ஓடுகின்றன, கடைசியில் ஆதரவு தேடி ஆளிடம் வருவது கூடுகிறது. இதைப் படித்த பிறகு நான் செய்ததை மாற்றிக்கொண்டேன். அலறும்போது சமாதானம் சொல்லிக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டேன், ஏனென்றால் அந்த நேரத்தில் என் குரலும் சேர்ந்து மகனுக்கு இன்னொரு தொல்லையாகத்தான் இருந்தது. தலையில் எதுவும் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டு, கை எட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவேன். அலறல் சிணுங்கலாக இறங்கும் அந்த இடம் காதுக்குத் தெரியும். அப்போது கையை நீட்டினால் வந்துவிடுவான். இரண்டு வயதில் அவனை அடக்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் தலைக்கு மேல் போய்விடுவான் என்று எனக்குச் சொல்லப்பட்டது, உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்டதைக் கொடுத்து அழுகையை நிறுத்துவது தவறு என்பது எனக்கும் சம்மதம்தான், அப்படிக் கொடுத்தால் அழுகைதான் வழி என்று குழந்தை கற்றுக்கொள்ளும். ஆனால் கேட்டதைக் கொடுக்காமலே பக்கத்தில் இருக்க முடியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது, அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதற்குச் சார்லஸ் டார்வினே சாட்சி. 1839இல் பிறந்த தன் மூத்த மகன் வில்லியமைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்திருந்தார், கிட்டத்தட்ட 37 வருடம் கழித்து, 1877இல், அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இரண்டு வயது மூன்று மாதத்தில் அந்தப் பையன் தன்னைக் கோபப்படுத்துகிறவர்கள் மேல் புத்தகத்தையும் குச்சியையும் வீசி எறிவதில் தேர்ந்துவிட்டான் என்று அதில் எழுதியிருக்கிறார். மற்ற சில மகன்களும் அப்படித்தான், மகள்களிடம் அதைக் காணவில்லை என்கிறார் (என் வீட்டில் வீசியது மகள்தான், மகன் தரையில் படுத்துக்கொள்பவன்). அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது கண்டுபிடிப்புகள் இல்லை. எத்தனை நாள், எத்தனை மாதம் என்று எண்ணி எண்ணி எழுதியிருக்கும் அந்தக் கவனம்தான் பிடித்தது. நான் நோட்டு வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

உடம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வயதுக் குழந்தையின் "குணம்" என்று நாம் நினைப்பதில் பாதி உடம்பிலிருந்து வருகிறது. முதல் வருடத்தில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல் மூன்று மடங்காகிறது, உயரம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் கூடுகிறது. இரண்டாவது வருடத்தில் கூடுவது இரண்டரைக் கிலோ அளவுக்கும் 12 சென்டிமீட்டர் அளவுக்கும்தான். வளர்ச்சியின் வேகம் பாதியாகும்போது பசியும் குறைகிறது. முன்பெல்லாம் வாயைத் திறந்து திறந்து வாங்கிய குழந்தை இப்போது நாலு வாயோடு தலையைத் திருப்பிக்கொண்டால், அது பிடிவாதம் என்று நினைத்துத் திணிக்கிறோம், திணிக்கத் திணிக்க அது நிஜமாகவே பிடிவாதமாகிறது. எடையும் உயரமும் வளர்ச்சி அட்டையில் தனக்கான கோட்டில் போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடலாம்.

நடையும் அப்படித்தான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்ட கணக்கில், பிடிக்காமல் தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரவிக்கிடக்கிறது. ஒன்பது மாத வித்தியாசம், இரண்டு முனையில் இருப்பதும் நல்ல குழந்தைகள். நூற்றில் நாலு குழந்தைகள் கையையும் முட்டியையும் ஊன்றித் தவழாமலேயே நடையைப் பிடித்துவிடுகின்றன. என் மகன் பத்தரை மாதத்தில் நடந்தான், மகள் பதினைந்தில். அந்த நாலரை மாதமும் எனக்குள் ஒரு ஒப்பீடு ஓடிக்கொண்டே இருந்தது. அவளோ, பிறகு நோட்டைப் பார்த்தால் தெரிகிறது, அந்த நாட்களில் ஒரே இடத்தில் உட்கார்ந்து டப்பா மூடிகளை எடுப்பதும் போடுவதுமாக இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று இருந்திருக்கிறாள். நடந்துவிட்டதால் மகன் அதை அந்த வயதில் செய்யவே இல்லை.

நடக்கத் தொடங்கிய பிறகு என்ன நடக்கிறது தெரியுமா? காரென் அடால்ஃப் என்பவரும் கூட்டாளிகளும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் சுதந்திரமாக விளையாடுவதைப் படமெடுத்து எண்ணினார்கள், 2012இல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 காலடிகள், 17 தடவை விழுதல். ஒரு மணி நேரத்துக்கு 17 தடவை விழுந்து 17 தடவையும் எழுந்திருக்கும் ஒரு ஆளைத்தான் நாம் சாயங்காலமானதும் "ஏன் இவ்வளவு எரிச்சல் படுகிறாள்" என்று கேட்கிறோம். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். உங்கள் மகள் புரளும் நேரங்களை ஒரு வாரம் குறித்து வையுங்கள். பெரும்பாலும் பகல் தூக்கத்துக்கு முன்னாலும், இருட்டும் நேரத்திலும், பசியோடும் வந்து விழும். என் நோட்டில் அப்படித்தான் விழுந்திருந்தது. அப்படியென்றால் அதைக் குணக் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

பேச்சுக்கு வருகிறேன், இதில்தான் நான் உங்களிடம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. உறவுக் குழந்தையோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள் என்று சொன்னால் போதாது, வேறு எதை வைத்துப் பார்ப்பது என்றும் சொல்ல வேண்டும். பேசுவதைவிட முதலில் புரிந்துகொள்வதைப் பாருங்கள். நீங்கள் கையைக் காட்டாமல், கண்ணால் ஜாடை காட்டாமல், "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிறாளா? கூப்பிட்டால் திரும்புகிறாளா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாளா? வேண்டியதை மட்டும் இல்லாமல், வானத்தில் போவதையோ சுவரில் ஊர்வதையோ "பாரேன்" என்று உங்களுக்குக் காட்டுவதற்காகவே சுட்டுகிறாளா? இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியமானது, தான் பார்த்ததை இன்னொருவரோடு பங்குபோட நினைப்பதுதான் பேச்சுக்கு வேர். இவையெல்லாம் இருந்து, ஒற்றைச் சொற்களும் வாராவாரம் கூடிக்கொண்டே வந்தால், பதற்றப்பட ஒன்றும் இல்லை. இரண்டு வயது முடியும்போது 50 சொற்கள் அளவுக்கு இருந்து, "அப்பா வா", "பால் இல்ல" மாதிரி இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகப் பார்க்கும் அளவு. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ஆனால் சுட்டுவது இல்லை, கூப்பிட்டால் திரும்புவது இல்லை, சொல்வது புரிகிற மாதிரி தெரியவில்லை என்றால் இரண்டு வயது வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள், காதுப் பரிசோதனையும் கேளுங்கள். முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொற்களோ, டாட்டா காட்டுவது, சிரித்து முகம் பார்ப்பது போன்றவையோ நின்று போயிருந்தால், எந்த வயதிலும் அது உடனே காட்ட வேண்டிய விஷயம். 18 மாதம் தாண்டியும் தனியாக நடக்காவிட்டாலும் அதேதான். "எங்க வீட்ல எல்லாரும் லேட்டாத்தான் பேசினாங்க" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் காட்டிவிட்டு வந்து நிம்மதியாக இருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. சீக்கிரம் கவனித்தால் செய்ய முடிகிறவை நிறைய.

பேச்சு வரும் விதத்திலேயே குழந்தையின் சுபாவம் தெரியும், அதைப் பார்க்கத் தவறாதீர்கள். என் மகன் தப்பும் தவறுமாகக் கொட்டினான். நாலு காலில் நடப்பதெல்லாம் அவனுக்கு நாய். "உனக்கு வேணுமா?" என்று நாங்கள் கேட்டுக்கேட்டு, தனக்கு வேண்டும் என்பதையும் "உனக்கு வேணும்" என்றே சொன்னான், நானும் நீயும் ஆள் மாறினால் மாறும் சொற்கள் என்பது பிடிபட அவனுக்குச் சில மாதம் ஆனது. மகள் வேறு மாதிரி. ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருப்பாள். தூங்க வைக்கும்போது இருட்டில், எல்லாரும் போன பிறகு, மெல்ல உச்சரித்துப் பார்ப்பாள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பகலில் வெளியே வரும்போது சொல் சுத்தமாக இருக்கும். அவளுக்கு 21 மாதத்தில் இருபது சொல்கூட இல்லை என்று கவலையோடு எழுதியிருக்கிறேன், 27ஆம் மாதத்தில் "நீங்க சொல்லாதீங்க, நானே சொல்றேன்" என்று சொன்னதையும் எழுதியிருக்கிறேன். நடையிலும் அவள் அப்படித்தான் இருந்தாள், பல வாரம் சுவரைப் பிடித்தே நின்றாள், விட்ட அன்று விழவே இல்லை. தனக்கு நிச்சயமாகும் வரை வெளியே காட்டாதது அவளுடைய வழி, இதை நான் அவள் மூன்று வயதை நெருங்கும்போதுதான் புரிந்துகொண்டேன்.

இதைத்தான் சுபாவம் என்கிறேன். ஒரே ஒரு செயலை வைத்து அதைச் சொல்ல முடியாது, வேறு வேறு விஷயங்களில், வேறு வேறு மாதங்களில், ஒரே சாயல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956இல் நியூயார்க்கில் தொடங்கி 133 குழந்தைகளைப் பச்சைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். அப்போது நிலவிய எண்ணம், குழந்தை எப்படி ஆனாலும் அதற்குக் காரணம் அம்மா என்பது. பிறந்த சில மாதங்களிலேயே குழந்தைக்குக் குழந்தை சுபாவம் வேறு என்று இவர்கள் காட்டினார்கள். எவ்வளவு துறுதுறுப்பு, தூக்கமும் பசியும் நேரத்துக்கு வருகிறதா, புதியதைக் கண்டால் நெருங்குகிறதா விலகுகிறதா, மாற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது, எவ்வளவு சின்னச் சத்தமும் வெளிச்சமும் உறைக்கிறது, சிரிப்போ அழுகையோ எவ்வளவு வேகம், பொதுவாகக் குஷியா சிடுசிடுப்பா, கவனம் எவ்வளவு எளிதில் திரும்புகிறது, ஒன்றை எடுத்தால் எவ்வளவு நேரம் விடாமல் இருக்கிறது என்று ஒன்பது விதமாகப் பார்த்தார்கள். அதில் 40 சதவீதம் எளிதில் பழகும் குழந்தைகள், 10 சதவீதம் சமாளிக்கக் கஷ்டமானவை, 15 சதவீதம் பழக நேரம் எடுத்துக்கொள்பவை. மீதி 35 சதவீதம் எந்தக் கட்டத்துக்குள்ளும் உட்காரவில்லை, அந்த 35 சதவீதம் இருக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொண்டதே எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வரக் காரணம். அவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம், நல்ல சுபாவம் கெட்ட சுபாவம் என்று ஒன்று இல்லை, குழந்தையின் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி என்பது. துறுதுறுப்பான குழந்தை விசாலமான, ஓட விடுகிற வீட்டில் சந்தோஷமான குழந்தை. அதே குழந்தை, சத்தம் ஆகாத வீட்டில் "தொல்லை".

உங்கள் மகள் ஆளைக் கண்டால் ஒளிவதை இதற்குள் வைத்துப் பாருங்கள். வேற்றுமுகம் தெரிவது ஒரு வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகளிடம் வருவது, இரண்டு வயதுக்குப் பிறகு மெல்லக் குறையும். அது வயதின் பங்கு. அதற்கு மேல் அவளிடம் மீதி இருந்தால் அது அவளுடையது. ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொருள், புதிய குரல், புதிய வாசனை காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கை காலை உதறி, உடம்பை வளைத்து அழுதது. அப்படிப்பட்ட குழந்தைகள்தான் இரண்டாவது வயதில் புதியவர்களைக் கண்டு ஒதுங்க அதிக வாய்ப்புள்ளவர்களாக இருந்தார்கள். பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், அவர்களில் பலர் அப்படியே பயந்தவர்களாக நின்றுவிடவில்லை, நடுவாந்திரமான இடத்துக்கு வந்தார்கள். அதே நேரத்தில், கூட்டத்தில் முதலில் குதிக்கிறவர்களாக மாறியவர்கள் மிகச் சிலர்தான். "இப்படியே இருந்துவிடுவாளா" என்ற உங்கள் கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த நேர்மையான பதில் இது. இருந்துவிட மாட்டாள், ஆனால் வேறு ஒருத்தியாகவும் ஆகிவிட மாட்டாள்.

என் மகள் இந்த ரகம். பூங்காவுக்குப் போனால் முதல் இருபது நிமிடம் என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதலில் நான் அவளைத் தள்ளினேன். "போ, அங்க பாரு எல்லாரும் விளையாடுறாங்க" என்று கையைப் பிரித்து விட்டேன், அவள் அழுதாள், வீடு திரும்பினோம், இப்படிப் பல வாரம். ஒரு விளையாட்டுப் பள்ளியில் சேர்த்தபோது, வாசலில் பறித்துக்கொண்டு போய்விட்டால் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள், நானும் சம்மதித்தேன். மூன்று வாரம் இரவில் திடுக்கிட்டு எழுந்தாள், நிறுத்திவிட்டோம். பிறகு ஒரு நாள் களைப்பினால் பூங்காவில் அவளைத் தள்ளாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் முட்டியைப் பிடித்தபடி சறுக்கு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் எந்தப் பக்கம் ஏறுகிறார்கள், யார் தள்ளுகிறார்கள், எப்போது காலியாகிறது, எல்லாவற்றையும் பார்த்தாள். இருபத்தைந்தாவது நிமிடம் கையை விட்டாள், ஏணி காலியாக இருந்த நேரம் பார்த்து நேராகப் போய் ஏறிச் சறுக்கினாள். அன்றைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிவருவதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது எங்கே போனாலும் அரை மணி முன்னால் போய்விடுகிறோம், கூட்டம் சேரும் முன் இடத்தைப் பார்த்துவிட்டால் அவளுக்கு அது போதும். நான்கு வயதில் இப்போது அந்த இருபத்தைந்து நிமிடம் ஐந்து நிமிடமாகியிருக்கிறது.

இன்னொன்று, தயவுசெய்து அவள் காதுபட "இவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி", "சரியான பிடிவாதக்காரி", "அவன் எவ்வளவு நல்லாப் பேசுறான் பாரு" என்று சொல்லாதீர்கள், சொல்பவர்களையும் தடுங்கள். ஒற்றைச் சொல் பேசும் குழந்தைக்கு அதைவிடப் பல மடங்கு சொற்கள் புரியும். என் மகளைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் "அவ கொஞ்ச நேரம் பார்த்துட்டு வருவா" என்று நான் பதில் சொல்வேன். மூன்று வயதில் ஒரு விருந்தினர் கூப்பிட்டபோது அவளே "நான் பார்த்துட்டு வரேன்" என்று சொன்னாள். அந்த வாக்கியம் அவளுக்குக் கிடைத்தது எங்களிடமிருந்துதான், அந்த இடத்தில் "எனக்குக் கூச்சம்" என்ற வாக்கியமும் கிடைத்திருக்கலாம்.

அடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் இதைச் சொல்லாமல் விட்டுவிடக்கூடாது. இதே 18 மாதத்தில்தான் இன்னொன்றும் வருகிறது. ஃபெலிக்ஸ் வார்னக்கன், மைக்கேல் டொமாசெல்லோ இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடும் ஒருவர் கிளிப்பைக் கீழே தவறவிட்டு எட்ட முடியாமல் கையை நீட்டுகிறார். பெரும்பாலான 18 மாதக் குழந்தைகள், யாரும் கேட்காமலே, பாராட்டும் கிடைக்காமலே, ஒரு தடவையாவது நடந்து போய் அப்படி விழுந்ததை எடுத்துக் கொடுத்தன. அவர் வேண்டுமென்றே வீசி எறிந்தபோது அப்படி ஓடவில்லை. உங்கள் மகள் இதைத் தினமும் ஏதோ ஒரு வடிவத்தில் செய்துகொண்டிருப்பாள், அது அலறுவதில்லை என்பதால் கண்ணில் படாமல் போகிறது. என் மகனின் நோட்டில் அடங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது தன் போர்வையின் ஒரு முனையை இழுத்து வந்து என் காலில் மட்டும் போட்டுவிட்டுப் போனது ஒரே வரியில் இருக்கிறது. இப்போது ஏழு வயதில் அவனிடம் தரையில் படுத்துப் புரளும் ஆளைக் காணவில்லை. போர்வை கொண்டுவந்த ஆள் இருக்கிறான்.

ஆகவே நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். "நல்லது", "கெட்டது" என்று எழுதாமல், என்ன செய்தாள், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் சரியானாள் என்று மட்டும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் எது கடந்து போயிருக்கிறது, எது வேறு உருவில் நிற்கிறது என்று தானாகவே தெரியும். பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் நினைவில் நிற்பதில்லை, உங்கள் மகளுக்கும் இந்த 22ஆம் மாதம் ஞாபகம் இருக்கப் போவதில்லை. என் மகன் போன மாதம் தன் நோட்டை எடுத்து வந்து, எழுத்துக் கூட்டி அந்தப் போர்வை வரியைப் படித்துவிட்டு, "அப்பா, இது நானா?" என்று கேட்டான். நீதான் என்றேன். இன்னொரு தடவை படித்தான்.